ஹெட்மாஸ்டர் போகிற மூலை

நான் சொல்லும் எதையும் என் மனைவி நம்ப மாட்டாள். முப்பத்தோரு வருடக் குடித்தனத்தில் இதை நான் ஒரு குறையாகச் சொன்னதில்லை. அவள் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்தவள். பையனுக்கு ஜுரம் என்று வரும் கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அது அப்பன் கையெழுத்தா பையன் கையெழுத்தா என்று கண்டுபிடிப்பதில் கில்லாடி. நானோ லிஃப்ட் மெக்கானிக். என் வேலையில் பாதி பொய் சொல்வதுதான்.

லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால் ஸ்பேனருக்கு முன்னால் வாய் வேலை செய்ய வேண்டும். கதவிடுக்கில் முகத்தை வைத்து, ரெண்டே நிமிஷம், மோட்டார் ஓடிடுச்சு, இதோ வந்துடும் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மோட்டார் செத்துக் கிடக்கும். ரெண்டு நிமிஷம் நாற்பது நிமிஷமாகும். ஆனால் பேச்சு நின்றால் உள்ளே இருப்பவர்கள் கதவை உதைக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் இருபத்தெட்டு வருடமாக நான் நிறுத்தாமல் பேசுகிறேன். அதற்கென்று ஒரு குரலே எனக்கு வந்துவிட்டது. சர்க்கரை தூவின மாதிரி இருக்கும் என்பாள் என் மனைவி. அது பாராட்டில்லை.

அவள் ஓய்வு பெற்ற நாலாவது மாதம், திரைச்சீலை மாட்டுகிறேன் என்று ஸ்டூலில் ஏறி விழுந்தாள். வலது தொடை எலும்பு. உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். ஆறு வாரம் கழித்து எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர், எலும்பு பிரமாதமாகச் சேர்ந்திருக்கிறது, இனி நடக்க வேண்டியதுதான் பாக்கி என்றார். அந்தப் பாக்கிதான் தீரவே இல்லை.

வாரம் மூன்று நாள் பிசியோ பொண்ணு வருவாள். ஒல்லியான உடம்பு, ஆனால் ஆளைத் தூக்கினால் ஜாக்கி போட்டுத் தூக்கின மாதிரி இருக்கும். முதல் நாள் அவள் வாக்கரைக் கொடுத்து எழுப்பியபோது, என் மனைவி இரண்டாவது அடியில் முட்டி மடங்கிச் சாய்ந்தாள். பிசியோ பொண்ணு பிடித்துக்கொண்டாள், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சாயும்போது, எலும்பு மறுபடி முறிந்த மாதிரி 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டதாம். அது வாக்கரின் காலில் இருக்கும் லாக் சத்தம். நானே பத்து தடவை அமுக்கிக் காட்டினேன். அவள் கேட்டால்தானே. அன்றைக்குக் கட்டிலில் படுத்தவள், பாத்ரூமுக்கும் சக்கர நாற்காலியில்தான் போவேன் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள். ஆள் எழுந்து நிற்கவில்லை, பிடிவாதம் மட்டும் நின்றது.

ஒரு நாள் கேட்டருகில் செருப்பு மாட்டிக்கொண்டே பிசியோ பொண்ணு என்னிடம் சொன்னாள்: "சார், உண்மையச் சொல்லிடறேன். இன்னும் மூணு வாரம்தான். அதுக்குள்ள நடக்க ஆரம்பிக்கலைன்னா சதையெல்லாம் வத்திடும். அப்புறம் அவங்களே ஆசைப்பட்டாலும் எழுந்திருக்க முடியாது."

அன்று வேலைக்குப் போய் ஒரு கோளாறும் இல்லாத லிஃப்ட் கதவை இரண்டு தடவை கழற்றி மாட்டினேன்.

ஆபரேஷன் முடிந்து வந்ததுமே படுக்கையைப் பின்னறைக்கு மாற்றியிருந்தோம், அது என் யோசனை. அங்கே பெரிய ஜன்னல், காற்று வரும் என்று நினைத்தேன். ஜன்னலுக்கு வெளியே எங்கள் தோட்டம். தோட்டம் என்றால் வாய்க்கு வந்தபடி சொல்வது. ஒரு கொய்யா மரம், செம்பருத்தி வேலி, மற்றதெல்லாம் தானாக முளைத்த புதர். ஆள் வைத்து வெட்டிவிடலாம் என்று நான் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். படுத்த மூன்றாவது நாள் அவள், அதில் ஒரு இலையில் கை வைத்தால் தெரியும் சேதி என்று சொல்லிவிட்டாள்.

ஏனென்றால் அங்கே ஒரு பள்ளிக்கூடமே நடந்துகொண்டிருந்தது. ஓய்வு பெறும்போது யாரோ கொடுத்த புது வருகைப் பதிவேடு ஒன்று பீரோவில் சும்மா கிடந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு அவள் ஆஜர் போட ஆரம்பித்தாள். காலை ஏழு மணிக்கு ஊதாக் கழுத்துத் தேன்சிட்டு, செம்பருத்தியில் தலைகீழாகத் தொங்கியபடி வரும், சங்கீத டீச்சர். எட்டரைக்குத் தவிட்டுக்குருவிகள் ஏழும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டே வந்து சருகைக் கிளறும், டியூஷன் பிள்ளைகள். அணில் பியூன். கீரிப்பிள்ளை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்தால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள், அது இன்ஸ்பெக்டர். சுவர் மேல் தண்டால் எடுக்கும் ஓணானுக்கு டிரில் மாஸ்டர் உத்தியோகம்.

எல்லோருக்கும் மேலே ஹெட்மாஸ்டர். அது செம்போத்து. கரிய உடம்பு, செங்கல் நிறச் சிறகு, ரத்தச் சிவப்பில் கண். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வராந்தாவில் நடப்பதைப் போலவே புதருக்குள் நடக்கும். பறப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைப்பு. எங்கிருந்தோ 'ஊப், ஊப்' என்று அது அடித்தொண்டையில் குரல் கொடுத்தால் டியூஷன் பிள்ளைகள்கூடக் கொஞ்சம் அடங்கும்.

சாயங்காலம் நான் வந்து சட்டையைக் கழற்றும் முன்பே அன்றைய அறிக்கை ஆரம்பித்துவிடும். யார் லேட், யார் யாருடன் சண்டை, இன்ஸ்பெக்டர் எந்த ஓட்டையில் நுழைந்தார். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. நாள் முழுக்க லிஃப்ட் குழியில் கிரீஸில் குளித்துவிட்டு வருகிறவனிடம் அணில் புராணமா என்று. பிறகு ஒன்று உறைத்தது. அந்த அரை மணி நேரம்தான் அவள் முகத்தில் வெளிச்சம் இருந்தது. காலைப் பற்றிப் பேச்செடுத்தால் அந்த வெளிச்சம் பட்டென்று போய்விடும். மெதுவாக நானும் ஆறரை மணிக்கே எழுந்து, காபியோடு அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சங்கீத டீச்சருக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். அந்தச் சின்ன உடம்பு வெயிலில் திரும்பும்போது கழுத்து பச்சையாகி நீலமாகி ஊதாவாகும். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது.

வினை ஹெட்மாஸ்டரால் வந்தது. ஒரு வாரமாக அது வாயில் குச்சியும் இலையுமாக ஜன்னலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. செம்பருத்தி வேலி முடியும் இடத்தில் ஜன்னலும் முடிந்துவிடும். அதற்கப்பால் தண்ணீர்த் தொட்டியும் ஒரு மாதுளைச் செடியும் இருக்கும் மூலை. கட்டிலிலிருந்து பார்த்தால் தெரியாது. அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்து வரச் சொன்னாள். போனேன். உடைந்த பூந்தொட்டி, பழைய குழாய், ஒரு வாளி. கூடும் இல்லை ஒரு மண்ணும் இல்லை.

திரும்பி வந்தேன். கழுத்தை நீட்டிக்கொண்டு, தலையணையை விட்டு அரையடி எழும்பி உட்கார்ந்திருந்தாள். அந்த அரையடிதான் என்னைக் கெடுத்தது. அவளாக உடம்பைத் தூக்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. என்னையறியாமல் அந்தச் சர்க்கரைக் குரல் வந்துவிட்டது. மாதுளையில் அழகாகக் கூடு கட்டியிருக்கிறது, கிண்ணம் மாதிரி, இன்னும் கொஞ்ச நாளில் முட்டை என்று சொன்னேன். அவள் பதிவேட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டாள்.

அப்புறம் என்ன, தினமும் ஒரு செய்தி அறிக்கை தேவைப்பட்டது. புதன்கிழமை மூன்று முட்டை வைத்தேன். வெள்ளை நிறம். ஞாயிற்றுக்கிழமை பொரித்தும்விட்டேன். "நாலு நாள்லயா பொரிச்சுது? என்ன, எக்ஸ்பிரஸ் லிஃப்டா?" என்றாள். வெயில் அதிகம் இல்லையா, அதனால் என்று மென்று விழுங்கினேன். நடந்து வந்தால் நீயே பார்க்கலாமே என்று ஒவ்வொரு நாளும் முடிவில் ஒரு தூண்டில் போடுவேன். அவள் தன் காலைப் பார்ப்பாள், பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள என் கொழுந்தியாள் அடுத்த தெருவிலிருந்து வருவாள். வாய் எட்டு ஊருக்குக் கேட்கும், ஆனால் ஓணானைக் கண்டால் உயிர் போய்விடும். தோட்டத்துப் பக்கம் அவள் காலே வைத்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் நான் பொய்யை வளர்த்தேன். நான் வேலைக்குப் போன ஒரு நாள், அக்கா அவளை விரட்டியிருக்கிறாள், போய்ப் பார்த்துச் சொல்லு என்று. இவள் சமையலறைக் கதவைத் திறந்தாள். படியிலேயே டிரில் மாஸ்டர் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திவிட்டு, போய்வர எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டு உள்ளே போய், ஆமாம் இருக்கிறது, தொட்டிக்குப் பின்னால் தரையில், ரெண்டு முட்டை, நீல நிறம் என்று தன் பங்குக்கு ஒப்பித்துவிட்டாள்.

சாயங்காலம் நான் உள்ளே நுழைந்தபோது பதிவேடு மடியில் திறந்து கிடந்தது. இரண்டு வாக்குமூலமும் பக்கத்தில் பக்கத்தில், சிவப்பு மையில் கோடு போட்டு. நான் சொன்னது செடியில், மூன்று, வெள்ளை, பொரித்தாகிவிட்டது. தங்கை சொன்னது தரையில், இரண்டு, நீலம், இன்னும் முட்டை. கொழுந்தியாள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேர் முகத்திலும் அசடு வழிந்தது.

முப்பது வருடம் பதிவேடு பார்த்தவளுக்கு எது வேண்டுமானாலும் பொறுக்கும், ஒன்றுக்கொன்று ஒத்துப் போகாத இரண்டு பதிவு மட்டும் பொறுக்காது. அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டாள். குரலில் பள்ளிக்கூட ஆபீஸ் முழுசாக இருந்தது.

"ரெண்டு பேருல ஒருத்தர் பொய் சொல்றீங்க. இல்ல, ரெண்டு பேருமே சொல்றீங்க. ஞாயித்துக்கிழமை காலைல நான் நேர்ல வந்து பாக்கறேன். பிசியோ பொண்ணையும் வரச் சொல்லுங்க."

எனக்குச் சந்தோஷத்தில் உச்சி குளிர்ந்தது. அடுத்த நொடியே அடிவயிறும் குளிர்ந்தது. கட்டிலிலிருந்து அந்த மூலைக்கு நாற்பத்திரண்டு அடி. அவ்வளவு தூரம் வலியோடும் பயத்தோடும் வந்து, அங்கே ஒரு வாளி இருப்பதைப் பார்த்தால் என்ன ஆகும்? பொய் சொல்லி என்னை நடக்க வைத்துவிட்டீர்கள் என்று திரும்பிப் போய்ப் படுத்தால், அப்புறம் யார் சொல்லி அவள் எழுவாள்? பிசியோ பொண்ணு கொடுத்த மூன்று வாரத்தில் எட்டு நாள்தான் மிச்சம்.

பயந்தவன் புத்தி எங்கே போகும்? சனிக்கிழமை சாயங்காலம், தொட்டியில் மிதவை வால்வு ஒழுகுகிறது என்று சொல்லிவிட்டு மூலைக்குப் போய்க் கூடு கட்ட உட்கார்ந்தேன். காய்ந்த புல், தேங்காய் நார், சருகு. கொழுந்தியாள் சமையலறை ஜன்னல் வழியாகப் பழைய தலையணைப் பஞ்சைத் தள்ளிக் கொடுத்தாள். குஞ்சு எங்கே என்று கேட்டால் என்ன செய்வது என்றேன். பறந்துபோச்சுன்னு சொல்லிடுங்க அத்தான், பறவைன்னா பறக்கத்தானே செய்யும் என்றாள். நான் எத்தனையோ மோட்டாரைக் கட்டி நிறுத்தியிருக்கிறேன், அந்தக் கூடு மாதுளையில் நிற்கவே மாட்டேன் என்றது. வைத்தால் சரியும், தூக்கினால் பிரியும். கடைசியில் இருட்டும் நேரத்தில் ஒருவழியாக நின்றது. ஒரு சின்னக் குருவிகூட இதைவிட நன்றாகக் கட்டும் என்று அப்போதுதான் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏழரை மணி. முதலில் கொழுந்தியாள், கையில் துடைப்பம், டிரில் மாஸ்டரை விரட்ட. பக்கத்தில் பிசியோ பொண்ணு, என் மனைவியின் இடுப்பில் கட்டிய பட்டையைப் பிடித்தபடி. பின்னால் நான், ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு. நடுவில் அவள்.

வாக்கர், வலது கால், இடது கால். வாக்கர், வலது கால், இடது கால். கட்டிலைச் சுற்றி வருவதற்குள்ளேயே நெற்றியில் வேர்த்துவிட்டது. கதவருகில் வாக்கர் 'டக்' என்றது. அப்படியே நின்றுவிட்டாள். கைகள் கம்பியை இறுக்கி, விரல் மூட்டெல்லாம் வெளுத்திருந்தன. நான் வாயைத் திறந்தேன். "அந்தக் குரல்ல பேசாதீங்க" என்றாள், திரும்பாமலே. மூடிக்கொண்டேன். இருபத்தெட்டு வருடத்தில் மாட்டிக்கொண்ட ஒரு ஆளிடம் நான் பேசாமல் நின்றது அன்றைக்குத்தான். எத்தனை நேரம் நின்றாள் என்று தெரியவில்லை. பிறகு வாக்கர் நகர்ந்தது. வலது கால், இடது கால்.

சமையலறை தாண்டி, பின்படியில் ஒரு படி இறங்கி, ஈர மண்ணில் வாக்கரின் நான்கு குழி நான்கு குழியாகப் பதித்துக்கொண்டே தொட்டி வரை வந்துவிட்டாள். பிசியோ பொண்ணு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

மாதுளையில் என் கூடு இருந்தது. இரவில் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் இருந்தது. அவள் வாக்கரைப் பிடித்தபடி குனிந்து பார்த்தாள். சுற்றிப் பார்த்தாள். ஒரு விரலை நீட்டி, அடியில் எதையோ தொட்டாள்.

"இது என்ன?"

வெள்ளை கேபிள் டை, வயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டை. மூன்று போட்டிருந்தேன். வாலை ஒட்ட நறுக்கிவிட்டால் தெரியாது என்று நினைத்திருந்தேன். கொழுந்தியாள் அந்த நிமிஷமே கட்சி மாறினாள். நான் பஞ்சு மட்டும்தான் கொடுத்தேன் அக்கா, மத்ததெல்லாம் அத்தான் வேலை என்றாள். பிசியோ பொண்ணு முகத்தைத் தொட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது.

என் மனைவி சிரிக்கவில்லை. "ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்றாள்.

எனக்குப் பூசி மெழுகத் தெம்பில்லை. சொல்லிவிட்டேன். "இங்க ஒண்ணுமே இல்ல. முதல் நாளே இல்ல. நீ எழுந்திரிச்சு வருவேன்னு சொன்னேன். நீ அப்படியே படுத்துடுவியோன்னு எனக்குப் பயமா இருக்கு. ராத்திரி தூக்கமே வர்றதில்ல. வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

அவள் கண் நிறைந்தது. எனக்குப் பயம் இல்லையென்று நினைத்தீர்களா என்றாள். ஒவ்வொரு தடவை காலை ஊன்ற நினைக்கும்போதும் எலும்பு முறிந்த அந்தச் சத்தம் முதலில் வந்து நின்றுவிடுகிறதாம். அதை வெளியே சொன்னால் நான் பயந்துவிடுவேன் என்று சொல்லாமல் இருந்தாளாம். ஒரே வீட்டில் ஒருவருக்காக ஒருவர் பயத்தை ஒளித்து வைத்துக்கொண்டு இரண்டு மாதம் அணிலைப் பற்றிப் பேசியிருக்கிறோம். அவள் கைமேல் என் கையை வைத்தேன். தட்டிவிடவில்லை.

அப்போது கொய்யாப் பக்கம் 'ஊப், ஊப், ஊப்' என்று கேட்டது.

நாலு பேரும் திரும்பினோம். ஹெட்மாஸ்டர் வாயில் நீளமாக ஒரு மூங்கில் இலையோடு கொய்யாவிலிருந்து இறங்கி, செம்பருத்திக்கு அடியில் நடந்து, எங்களை ஒரு தடவை சிவப்புக் கண்ணால் முறைத்துவிட்டு, சுவரில் தாவி அந்தப் பக்கம் இறங்கியது. அங்கே காலி மனை. மார்பளவு சுவர்தான். நான் இரண்டு வாரமாகத் தினமும் இந்த மூலைக்கு வந்திருக்கிறேன், ஒரு தடவைகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பொய்யை ஜோடிப்பதிலேயே மும்முரமாக இருந்தவனுக்கு எங்கே நேரம்?

அவள்தான் பார்த்தாள். வாக்கரைச் சுவர்வரை தள்ளிக்கொண்டு போய், யாரும் சொல்லாமலே இரண்டு அடி வைத்து, கழுத்தை நீட்டினாள். முட்புதருக்கு நடுவில், இலையும் குச்சியுமாக ஒரு பெரிய பந்து. கிண்ணமில்லை, மேலே கூரையெல்லாம் போட்ட வீடு. செம்போத்து இலையோடு அதன் பக்கவாட்டில் நுழைந்தது. வாலின் நுனி மட்டும் கொஞ்ச நேரம் வெளியே ஆடியது, பிறகு அதுவும் உள்ளே போனது.

அவள் முகத்தைப் பார்த்தேன். கண் இன்னும் அந்த வால் மறைந்த இடத்திலேயே இருந்தது.

"வாசல் இந்தப் பக்கம் இல்ல" என்றாள் மெல்ல. கூட்டின் வாயைச் சொன்னாள். "ரோட்டுப் பக்கம் பாத்து இருக்கு. அங்கேருந்து பாத்தாதான் உள்ள தெரியும்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நம்ம கேட்டுக்கு இங்கேருந்து எவ்வளவு தூரம் இருக்கும்?"

கொஞ்சம்தான், இதோ இருக்கிறது என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

"கேட்டுக்கு அறுபது அடி. அங்கேருந்து காலி மனைக்கு இன்னொரு எண்பது. ஏத்தமா இருக்கும். நடுவுல சாக்கடை மூடி ஒண்ணு ஆடும்."

அவள் அதை மனதுக்குள் கூட்டிப் பார்ப்பது தெரிந்தது. இன்றைக்கு முடியாது, கால் நடுங்குகிறது என்றாள். உட்காரச் சொல்லி நாற்காலியை முன்னால் வைத்தேன். உட்காரவில்லை. அந்த நான்கு கால் சாமானைத் தானே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வீட்டைப் பார்த்து நின்றாள். பிசியோ பொண்ணு பட்டையைப் பிடிக்கப் போனாள். அவள் தலையசைத்ததும் கையை எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. கொழுந்தியாள் பார்க்கிறாளே என்றுகூடத் துடைக்கவில்லை.

படிக்குப் பக்கத்தில் அவள் நின்றாள்.

"என்னங்க, அந்த ஆடற மூடியை இன்னைக்கே சரி பண்ணிடுங்க" என்றாள்.